பொலிசுக்குச் சொல்லாத வாட்டு

பெப்ரவரி 18, விபூதிப் புதன்

தவக்காலத்துக்கு எதை விடப்போகிறீர் என்று றெஜி கேட்டார். கோபத்தை என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் சேர்ட்டில் சிந்தியது. "நீர் பேசாமல் இறைச்சியை விடும்" என்றார். இத்தனை வருசம் என்னோடு குடும்பம் நடத்துகிற மனிதர், சொல்ல உரிமை உண்டு. ஆனாலும் நேர்ச்சை நேர்ச்சைதான். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் கோபம் வந்தால் வாயால் கொட்டாமல் இந்தக் கொப்பியில் எழுதுவேன்.

முதல் நாளே வேலை வந்துவிட்டது. கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம், பேப்பரில் வரைவு வந்திருக்கிறது. இப்போது தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் அனுமதி. இனி வன்புணர்வால் வந்த கர்ப்பத்துக்கும், பிறந்தாலும் பிழைக்காத சிசுவுக்கும் அனுமதி கேட்கிறார்கள். மனச்சாட்சி இடம் தராத வைத்தியர் விலகிக்கொள்ளலாம், ஆனால் நோயாளியை உடனே இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும். றெஜி எங்கள் பங்குச் சபையின் செயலாளர். எதிர்ப்பு மனுவுக்குக் கையெழுத்துச் சேர்க்கும் வேலை அவர் தலையில். "ஆஸ்பத்திரியில பெண்கள் வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர், அதுவும் எங்கட வீட்டு ஆள். முதல் கையெழுத்து உம்முடையதா இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

நான் கருக்கலைப்புச் செய்யமாட்டேன். சட்டம் வந்தாலும் விலகிக்கொள்கிறவர்களோடுதான் நிற்பேன். அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள கதை. அதற்காக என் கையெழுத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்பது பிடிக்கவில்லை. பேனை எழுதவில்லை என்றேன்.

பெப்ரவரி 20, வெள்ளி

இன்று ஒரு பெண்ணைச் சாகக் கொடுத்தோம். இரண்டு பிள்ளைகளின் தாய். யாரோ எங்கோ கலைத்துவிட்டிருக்கிறார்கள். காய்ச்சல் தொடங்கி நாலாம் நாள் கொண்டுவந்தார்கள். கிருமி இரத்தம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் சங்குத்துறை ஆஸ்பத்திரியில் இருக்கிற மருந்தெல்லாம் ஏற்றினேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

புருசன் நண்டு வலை போடுகிறவர். ஒரு மூலையில் நின்று சொன்னார்: "கும்பிட்டுக் கேட்டன் டொக்டர், ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு. அங்க போனா பொலிசுக்குப் போன் அடிப்பினம், பிள்ளையளுக்கு முன்னால என்னைக் கொண்டுபோவாங்கள் எண்டு மாட்டனெண்டுட்டா."

அவர் சொன்னது பொய்யில்லை. சந்தேகப்படும்படி இரத்தம் போகிற பெண் யார் வந்தாலும் வாட்டு வாசல் போனில் அற்றென்டன் வேலை பார்க்கும் மதலேன் அக்கா ஆஸ்பத்திரிப் பொலிசுக்குச் சொல்வார். நான் இந்த வாட்டுக்கு வருவதற்கு முன்பும் அப்படித்தான். சட்டக் கடமை என்பார்கள். போன் எடுப்பது வைத்தியர் வேலை இல்லை. நான் ஒரு நாளும் எடுத்ததில்லை. இன்று அந்தப் பெண் இறந்த பிறகும் மதலேன் அக்கா எடுத்தார், நான் மற்றப் பக்கம் திரும்பி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து குசினித் தரையைத் தேய்த்துக் கழுவினேன். நேற்றுத்தான் கழுவியது.

பெப்ரவரி 22, ஞாயிறு

பூசை முடிய கோயில் வாசலில் மனுவுக்கு ஒரு மேசை. நீண்ட வரிசை. நான் பின்வாசலால் வந்துவிட்டேன். தண்ணீர் மோட்டர் வேலை செய்யவில்லை, ஆள் வருவான், வீட்டில் நிற்கவேண்டும் என்று றெஜியிடம் சொன்னேன். மோட்டர் உண்மையாகவே வேலை செய்யவில்லை.

பெப்ரவரி 24, செவ்வாய்

கோபம் வரவில்லை. மோட்டர் திருத்த வந்தவன் உடைத்த குழாய் கணக்கில் சேராது.

பெப்ரவரி 27, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து பொனிப்பஸ் அண்ணை கஞ்சி குடிக்க வந்தார். றெஜிக்கு ஒன்றுவிட்ட தமையன், சட்டத்தரணி. மனுவை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். கஞ்சிப்பானையை வைக்க இடமில்லாமல் மேசையெல்லாம் மனு. ஒதுக்கும்போது கண்ணில் பட்டது. முதல் மூன்று கோரிக்கையும் நான் எதிர்பார்த்தவை. நான்காவது இது: கருக்கலைப்புச் செய்துகொண்டதாகச் சந்தேகிக்கப்படும் பெண்ணுக்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியர், தாதியர், ஊழியர் அனைவரும் அதைப் பொலிசுக்கு அறிவிப்பதைச் சட்டத்தில் கட்டாயமாக்க வேண்டும், தவறுவோருக்குச் சிறை.

இரண்டு தரம் வாசித்தேன்.

"அண்ணை, இதை ஏன் புதுசாக் கேக்கிறீங்கள்? இப்பவும் கட்டாயம்தானே?"

"இல்லையே" என்றார், கஞ்சியை ஊதிக்கொண்டு. "சில பெரிய குற்றங்களை அறிஞ்சா அறிவிக்க வேணும் எண்டு சட்டத்தில ஒரு பட்டியல் இருக்கு. இது அதுக்குள்ள இல்லை. அந்த ஓட்டையைத்தான் அடைக்கச் சொல்லிக் கேக்கிறம்."

"அப்ப இவ்வளவு காலமும் எங்கட வாட்டில இருந்து அடிச்ச போன்?"

"அது உங்கட நல்ல மனசு" என்று சொல்லிச் சம்பல் கேட்டார்.

சம்பலை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றேன். கோபத்தை எழுதுவதாகத்தானே நேர்ச்சை, எழுதுகிறேன். நல்ல மனசு. நண்டு வலைக்காரனின் பெண்சாதி செத்தது எங்கள் நல்ல மனசால். ஒரு சட்டமும் கேட்காத வேலையை, ஒருவரும் சட்டத்தைத் திறந்து பாராமல், ஒரு ஆஸ்பத்திரி முழுக்கச் சேர்ந்து செய்திருக்கிறோம். இப்போது அந்தப் பிழையையே சட்டமாக்கித் தாருங்கள் என்று என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து கேட்கிறார்கள்.

றெஜி வந்து, "கஞ்சி ஆறுது" என்றார். ஆறட்டும் என்றேன்.

மார்ச் 2, திங்கள்

எம்.எஸ். என்று நாங்கள் சொல்கிற வைத்திய அத்தியட்சகர் சிவபாதத்திடம் போனேன். "பொலிசுக்கு அறிவிக்கிறது எந்தச் சட்டத்தில இருக்கு சேர்?" என்று கேட்டேன். அவர் அலுமாரிக்குள் தேடி மஞ்சளாகிப்போன ஒரு சுற்றறிக்கையை எடுத்துத் தந்தார். அவருக்கு முன் இருந்தவருக்கும் முன் இருந்தவர் போட்டது. வெட்டுக்காயம், சூட்டுக்காயம், வீதி விபத்து, நஞ்சு.

"இதில எங்கட வாட்டுப் பொம்பிளையள் எங்க சேர்?"

"இரத்தம் போகுதுதானே" என்றார்.

பகிடி என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "இது வழக்கம் எமல்டா. ஒருத்தரும் கேக்காததை நீர் ஏன் கிண்டுறீர்? சட்டமூலம் வாற நேரம், கண் எல்லாம் எங்களிலதான்."

வாட்டுக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டேன். எந்தப் பெண்ணைப் பற்றியும் என்னைக் கேளாமல் பொலிசுக்குப் போன் அடிக்கக் கூடாது என்றேன். தாதியர் தலையாட்டினார்கள். மதலேன் அக்கா ஆட்டவில்லை.

"சொல்லாட்டி எங்களைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள் எண்டுதானே முந்தி இருந்த பெரிய டொக்டர் சொன்னவர்."

"பிடிக்கிறதெண்டா என்னைப் பிடிக்கட்டும் அக்கா."

"உங்களைப் பிடிக்கமாட்டினம் டொக்டர். என்னைத்தான் பிடிப்பினம். எனக்கு வீட்டில ரெண்டு குமர்ப் பிள்ளையள் இருக்கு."

ஒரு கடதாசியில், இங்கிருந்து பொலிசுக்கு அறிவிக்காததற்கு முழுப் பொறுப்பும் நான் என்று எழுதி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்து வைத்துப் போனுக்கு மேலே ஒட்டினேன். மனுவுக்கு எழுதாத பேனை இதற்கு நன்றாக எழுதியது.

மார்ச் 5, வியாழன்

ஒரு பெண் வந்திருக்கிறாள். பதினோராம் கட்டில். கடும் காய்ச்சல், கருப்பைக்குள் மிச்சம் தங்கிவிட்டது. சுத்தம் செய்து மருந்து ஏற்றியிருக்கிறேன், தப்புவாள்.

பெயர் எழுதமாட்டேன். எங்கிருந்து வந்தாள், என்ன நடந்தது, யாரால் நடந்தது, என்னிடம் என்ன சொன்னாள் என்பதையும் எழுதமாட்டேன். இதுவும் ஒரு கொப்பிதானே, யார் கையில் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும். சொன்னதைக் கேட்டபிறகு கை கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதை மட்டும் எழுதலாம்.

நான் சத்திரசிகிச்சை அறையிலிருந்து வெளியே வருமுன் மதலேன் அக்கா போன் அடித்துவிட்டார். என் கடதாசிக்கு நேர் கீழே நின்று அடித்திருக்கிறார். கேட்டதற்கு, "கை தானாப் போயிட்டுது டொக்டர்" என்று அழுதார். ஏச வாயெடுத்தேன். நேர்ச்சை.

மார்ச் 6, வெள்ளி

சார்ஜன் புவனேந்திரன் வந்தார். அவருடைய மூத்த மகள் பிறந்தபோது பிரசவம் பார்த்தது நான்தான், அதனால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கதைத்தார்.

"டொக்டர், முறைப்பாடு பதிஞ்சாச்சு. அந்தப் பிள்ளையிட்ட ஒரு வாக்குமூலம். பிறகு நீங்கள் ஒரு வரி, தானாப் போனதோ, கலைச்சதோ எண்டு. அவ்வளவுதான்."

"அவ காய்ச்சல்ல பிதற்றுறா. கதைக்கிற நிலையில இல்லை."

"அப்ப இருக்கிறன்" என்று வாசலில் கதிரை போட்டுக்கொண்டார். இரக்கமில்லாத மனிதர் இல்லை. எழுந்து போகிற மனிதரும் இல்லை.

பதினோராம் கட்டில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கேட்டாள்: "நான் செத்திட்டன் எண்டு அவரிட்டச் சொல்லேலாதா டொக்டர்?"

வீட்டில் றெஜியோடு சண்டை. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "நீர் இப்ப எந்தப் பக்கம் எமல்?" என்றார். வாட்டுப் பக்கம் என்றேன். "கருவில இருந்தது உயிரில்லையோ?" என்றார். உயிர்தான் என்றேன். "நான் அதை இல்லையெண்டு சொல்லேல்லை. கட்டிலில கிடக்கிறதும் உயிர். வைத்தியத்துக்கு வந்த உயிரைப் பிடிச்சுக் குடுக்கிறதுக்கு நான் படிக்கேல்லை." அவர் மனுக் கட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

எனக்குப் பயமில்லை. தேநீருக்கு உப்புப் போட்டது, உப்புப் போத்தலும் சீனிப் போத்தலும் ஒரே அளவு என்பதால்.

மார்ச் 8, ஞாயிறு

மகளிர் தினம். எம்.எஸ். பெண் ஊழியர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு ரோசாப்பூக் கொடுத்தார். வாட்டு வாசலில் சார்ஜனுக்குப் பதில் ஒரு கொன்ஸ்டபிள்.

மார்ச் 9, திங்கள்

எம்.எஸ். அறைக்குக் கூப்பிட்டார்கள். சார்ஜனும் இருந்தார். காய்ச்சல் விட்டதாம், கட்டில் தட்டுப்பாடாம், பதினோராம் கட்டிலுக்கு டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பட்டாம். அனுப்பினால் வாசலில் வைத்துப் பிடிப்பார்கள். நீதவானிடம் போவாள், பேப்பரில் பெயர் வரும். அதற்குப் பிறகு அவளால் போகக்கூடிய வீடு எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஏன் தெரியும் என்பது எழுதக் கூடாதது.

"நோயாளி எப்ப சுகமெண்டு நான்தான் சொல்லவேணும் சேர். புதன்கிழமை சொல்லுவன்."

"சரி, புதன். அதுக்கு முதல் சார்ஜனுக்கு உம்முடைய ஒரு வரியைக் குடும்."

"குடுக்கமாட்டன்."

சார்ஜன் மெதுவாகச் சொன்னார்: "டொக்டர், கடமையைச் செய்யவிடாமல் தடுக்கிறதெண்டு உங்களுக்கு எதிரா எழுதவேண்டி வரும்."

"எழுதுங்கோ. ஆனா எழுதேக்க, நான் உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு எந்தச் சட்டத்தில இருக்கெண்டும் சேர்த்து எழுதுங்கோ. நான் தேடிட்டன். உங்களுக்குக் கிடைச்சா எனக்கும் ஒரு பிரதி தாங்கோ. நோயாளி வைத்தியத்துக்காக என்னட்டச் சொன்னது என்னோடதான் இருக்கும். நீதவான் கூப்பிட்டா வருவன், வந்து அவருக்கும் இதைத்தான் சொல்லுவன். அதுக்காக மறியலுக்குள்ள போடுறதெண்டா, சீலை ரெண்டு எடுத்து வைக்கிறன்."

எம்.எஸ். பேப்பர்வெயிற்றை உருட்டினார். சார்ஜன் மதலேன் அக்காவைக் கூப்பிட்டார். போன் அடித்தது அவர்தானே, அந்தப் பெண் வந்தபோது என்ன சொன்னாள் என்று அவர் சொன்னாலும் போதும். அக்கா வந்து வாசலோடு நின்றார்.

"அது நான் பிழையா அடிச்சிட்டன் ஐயா" என்றார் மதலேன் அக்கா. "வேற ஆளெண்டு நினைச்சு அடிச்சது. இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். காய்ச்சலெண்டுதான் வந்தவ. வேற எனக்கு ஒண்டும் தெரியாது."

சார்ஜன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைப் போட்டார். வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்தேன். "விடுங்கோ டொக்டர், ஆக்கள் பாக்கினம்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 11, புதன்

பதினோராம் கட்டில் வீட்டுக்குப் போய்விட்டாள். எந்த வீட்டுக்கு என்பதை எழுதமாட்டேன், ஆனால் அங்கே ஒரு கதவு திறந்திருந்தது.

நானே பஸ் நிலையம் வரை கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை, வேண்டுமென்றேதான். மதலேன் அக்காவின் சொல்லுக்குப் பிறகு பிடிக்க ஆதாரம் இல்லை, ஆனாலும் கொன்ஸ்டபிள் கொஞ்சத் தூரம் பின்னால் வந்தான். மருந்துக் கடைச் சந்தியில் பார்த்தால் றெஜி மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார். பாடசாலை நேரம். தான் படிப்பிக்கிற கணக்குப் பாடத்தை யார் தலையில் கட்டிவிட்டு வந்தாரோ. எங்களுக்கும் கொன்ஸ்டபிளுக்கும் நடுவில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் நடந்து வந்தார். பஸ் ஏறும்போது அந்தப் பெண்ணிடம் ஒரு பை வாழைப்பழத்தைக் கொடுத்து, "வெறும் வயித்தோட மருந்துக் குளிசை போடாதீங்கோ தங்கச்சி" என்றார்.

வீட்டில் சொன்னார்: "நாலாவதை மனுவில இருந்து வெட்டிட்டன். அண்ணை என்னோட கதைக்கிறதில்லை." பிறகு, "மற்ற மூண்டும் இருக்கு. அதில நான் மாறமாட்டன்" என்றார். சரி என்றேன். இன்னும் நான் கையெழுத்து வைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இரவுக்கு அவரே புட்டு அவித்தார், கல்லுப் போல இருந்தது, முழுவதையும் சாப்பிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். ஒழுங்கு மீறினேனாம். பதில் அனுப்பிவிட்டேன்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவை மீறினேன் என்று அறியத் தந்தால் விளக்கம் தருவேன்.

மார்ச் 17, செவ்வாய்

தலையிடி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 27, வெள்ளி

பிரிவு எண் வரவில்லை, புதன்கிழமை இடமாற்றம் வந்தது. மொனராகலைப் பக்கம், உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு. சிங்களத்தில் காய்ச்சலா, வயிற்றுவலியா என்று கேட்கத் தெரியும், மீதியைப் படிக்கலாம். எம்.எஸ். நேரில் வந்து சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது போனுக்கு மேலே இருந்த என் கடதாசியையும் உரித்துக்கொண்டு போனார். "பொறுப்பெடுத்த ஆள் போறபடியா" என்றார்.

இரண்டு நாள் வாட்டில் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. போவது பெரிய விஷயமில்லை, எங்கே போனாலும் நோயாளிதான். நான் போன அடுத்த நாள் யாரோ ஒருவரின் கை தானாகப் போனை எடுக்கும். அதைத்தான் தாங்க முடியவில்லை. கடதாசி ஒட்டித் திருத்திவிடலாம் என்று நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு

நேர்ச்சை முடிந்தது. காலையிலேயே பொனிப்பஸ் அண்ணையைக் கோயில் வாசலில் மறித்து, மனதில் இருந்ததெல்லாம் சொன்னேன். றெஜி பக்கத்தில் நின்று மெழுகுதிரி பிடித்துக்கொண்டிருந்தார், ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

இந்த வாட்டில் கடைசி நாள். எனக்குப் பதில் வந்திருப்பவர் இளம் ஆள், இப்போதுதான் பயிற்சி முடித்தவர், நல்லாய்ப் படித்த முகம். கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தேன். பொலிஸ் விஷயத்தையும் சொன்னேன். தலையாட்டினார். எல்லாரும்தான் தலையாட்டினார்கள்.

மத்தியானம், பார்வையாளர் போன பிறகு, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தனியாக வந்திருக்கிறாள், கையில் குடையும் ஒரு சின்னப் பையும். முகம் வெளிறியிருந்தது, ஆனால் தன் காலில் நின்றாள். ஒரு காலை உள்ளே வைத்து, மற்றதை வெளியே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இஞ்ச பொலிசுக்குச் சொல்லமாட்டீங்களாமே? உண்மையே?"

புது டொக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் இருந்து மதலேன் அக்கா போய், போனுக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தப் பெண்ணின் பையை வாங்கினார்.

"சொல்லமாட்டம் பிள்ளை. உள்ளுக்கு வாங்கோ. எப்ப தொடங்கினது?"

"இண்டைக்குக் காலமை."

காலமை. இந்த வாட்டில் நான் வேலை செய்த காலம் முழுவதும், தொடங்கிய அன்றே வந்த ஒருத்தியை நான் கண்டதில்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மதலேன் அக்கா அந்தப் பெண்ணைக் கட்டிலில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். "என்ன டொக்டர் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?" என்றார், என்னிடம் இல்லை, அவரிடம். "கையைக் கழுவுங்கோ."

புது டொக்டர் கை கழுவப் போனார்.